சர்வரை அணைக்க விடாத விஜயராணி

பேக்கிங் ஹாலில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். முதலாளி ரத்தினசாமி கையில் ஒரு அச்சுத்தாள் இருந்தது. அதை மடக்கிக்கொண்டே விஜயராணியிடம் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, கம்ப்யூட்டர் சொல்றது சரிதானுங்களா?"

"சரிதாங்க" என்றாள் விஜயராணி.

கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அது மருதாளின் தலையில் போய் விழும் என்று அவள் நினைக்கவில்லை. பனியன்களை அடுக்கி ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள் கம்ப்யூட்டர் கணக்கில் அதிகமாக இருந்தன. கண்டெய்னரில் ஏற்றும்போது குறைந்தன. அந்த மாசத்தில் இது ஒரு தடவையோடு நிற்கவில்லை. கட்டி முடித்த பெட்டியை ஸ்கேன் பண்ணி அடுக்குவது மருதாளின் பொறுப்பு. ஆகவே குறைந்த பெட்டி எங்கே போனது என்று அவள்தான் சொல்லியாக வேண்டும்.

"நான் எண்ணித்தானுங்க வெச்சேன்" என்றாள் மருதாள். "வெச்சது அத்தனையும் லோடுல ஏறிப்போச்சுங்க. இல்லாத பொட்டிக்கு நான் எங்கீங்க போறது?"

"அப்ப மெசினு பொய் சொல்லுதுங்கறயா?"

மருதாள் விஜயராணியைப் பார்த்தாள். நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்பது போன்ற பார்வை. விஜயராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மருதாளை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் பெட்டிகள் போன இடத்தைச் சொல்லாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவதாக முதலாளி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

விஜயராணி சாத்தான்குளம் பக்கத்துக்காரி. கிணறுகள் வற்றிப்போன ஒரு கோடையில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தாள். அப்பா அயர்ன் மேசையில் நின்றார். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு விஜயராணி பள்ளிக்கூடம் போனாள், பிறகு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போனபோது அவளால் போக முடியவில்லை. ரத்தினசாமி கம்பெனியில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தாள். முதலாளியின் தம்பி மகன் முகிலன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து கம்பெனிக்கென்று ஒரு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்தபோது அவளையும் கூடச் சேர்த்துக்கொண்டான். இரண்டு பேரும் ஜாவா புரோகிராமிங்கைத் தட்டுத்தடுமாறி ஒன்றாகவே கற்றார்கள். பின்னல் மெஷினில் ஓடும் துணி முதல் கண்டெய்னரில் ஏறும் பெட்டி வரைக்கும் எல்லாம் அந்த சாஃப்ட்வேருக்குள்தான். அதைத் தாங்கிக்கொண்டு ஒரு சர்வர், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன ஏ.சி. அறையில் ஓடிக்கொண்டிருந்தது.

மருதாள் அதே லைன் வீடுகளில் இரண்டு வாசல் தள்ளிக் குடியிருந்தாள். விஜயராணியின் பையனுக்கு அம்மை போட்டிருந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அன்றைக்குச் சாயங்காலம் விஜயராணி வீட்டுக்கு வந்தபோது மருதாள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் பேசும் சத்தம் கேட்டது. தட்டலாமா என்று யோசித்துவிட்டுத் தட்டாமல் போய்விட்டாள்.

"என்னட்டி, சோத்தப் போட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருக்க?" என்றான் அவள் கணவன் ஜெபக்குமார். பனியனில் படம் அடிக்கிற பிரிண்டிங் பட்டறையில் அவனுக்கு வேலை. நகக்கண்ணில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது.

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"மருதக்கா களவாங்கியிருப்பாவன்னு நீ நம்புதியா?"

"இல்ல."

"பொறவு ஏன் சரின்னு சொன்ன?"

"கம்ப்யூட்டர் தப்பா எண்ணாதுல்லா."

"எண்ணாதா?" என்று கேட்டுவிட்டு ஜெபக்குமார் சாப்பிட ஆரம்பித்தான். அவன் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

மறுநாள் முகிலன் கோயமுத்தூர் போயிருந்தான். விஜயராணி பேக்கிங் பதிவுகளைத் திறந்துவைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். பெட்டிக்குப் பெட்டி தனி எண் கிடையாது. ஸ்டைல், நிறம், சைஸ் இவ்வளவுதான் ஸ்டிக்கரில் இருக்கும். ஆகவே ஒரே மாதிரி வரிகள் அடுத்தடுத்து வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் சில இடங்களில் இரண்டு வரிகள் ஒரே நொடியில் விழுந்திருந்தன. ஒரு மனுஷி எவ்வளவு வேகமாகக் கை ஓட்டினாலும் ஒரே நொடியில் இரண்டு பெட்டியைத் தூக்கி ஸ்கேன் பண்ண முடியாது.

ஃபோனில் முகிலனிடம் சொன்னாள்.

"ஸ்கேனர ரெண்டு தடவ அமுக்கியிருப்பாங்க விஜயா" என்றான் அவன். "இல்லாட்டி வேணும்னே அமுக்கியிருப்பாங்க."

வேண்டுமென்றே அமுக்கியிருந்தால் எல்லா நாளும் இருக்க வேண்டுமே. அவள் பார்த்தவரைக்கும் இரட்டை வரிகள் சில நாட்களில்தான் இருந்தன. அந்த நாட்களை யோசித்துப் பார்த்தாள். சர்வர் மூச்சுத் திணறிய நாட்கள் அவை.

அந்த சர்வருக்கு ஒரு நோய் இருந்தது. சில நாள் நன்றாக ஓடும். பிறகு மெதுவாகும், திரை உறையும், கடைசியில் நினைவகம் தீர்ந்துபோனது என்று ஒரு வரியை எழுதிவிட்டுப் படுத்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. ஆன் பண்ணினால் பழையபடி ஓடும். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. அப்படி ஆன் பண்ணிய உடனே வந்த பதிவுகளில் இரட்டை வரி ஒன்றுகூட இல்லை.

சர்வர் படுப்பதற்கும் இரட்டை வரிகளுக்கும் காரணமான நோய் ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் நோயின் தடயம் சர்வரின் நினைவகத்துக்குள் இருக்கிறது, அணைத்தால் அழிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாகப் படியெடுக்கலாம், அதற்கு ஹீப் டம்ப் என்று பெயர் என்பதை எங்கேயோ படித்திருந்தாள். செய்து பார்த்ததில்லை. சர்வர் மறுபடியும் திணறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமைக்கு முன்னால் திணறுமா என்பது தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மெஷின் கெட்டுப்போக வேண்டும் என்று அவள் ஜெபம் பண்ணினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது திணறியது.

வாசலில் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கண்டெய்னர் நின்றது. பேக்கிங் ஹாலில் ஸ்கேனர்கள் பதில் சொல்லவில்லை. பெட்டிகள் இடுப்பு உயரத்துக்குத் தேங்கிவிட்டன. விஜயராணி ஏ.சி. அறைக்கு ஓடினாள். அவள் பின்னாலேயே பேக்கிங் மேனேஜர் தவசி வந்தார்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. ஒரு கோப்பு எடுக்கணும்."

"கோப்பா? டிரைவர் கத்திக்கிட்டு நிக்கான். ஒரு பட்டன அமுக்கறதுக்கு என்ன?"

"அமுக்குனா போயிரும்ணே."

தவசியும் தெற்கத்திக்காரர்தான். அவளுக்கு அதனால் ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. அவர் முன்னால் வந்து சர்வரின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். விஜயராணி குறுக்கே நின்றுகொண்டாள்.

"மருதக்காவ களவாணின்னு நாளைக்குப் போலீஸ்ல எழுதப் போறாவ. அவுக எடுக்கலன்னு இதுக்குள்ளதான் இருக்கு. அணைச்சா அதும் போச்சு. எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுங்க. முதலாளி கேட்டா நான்தான் விடலன்னு சொல்லிருங்க."

தவசி அவளை ஒரு கணம் பார்த்தார். "சொல்லத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் கட்டளையைத் தட்டினாள். படியெடுக்கிற வரைக்கும் சர்வர் யாருக்கும் பதில் சொல்லாது, மொத்தமாக உறைந்துவிடும். கோப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. பாதி வந்திருக்கும், கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷம் மின்வெட்டுக்கு நேரம் காலம் கிடையாது. விளக்குகள் அணைந்தன, ஏ.சி. நின்றது, மேலே தையல் மெஷின்களின் இரைச்சல் ஒரே வெட்டில் அடங்கியது. யு.பி.எஸ். கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி பழசு. மாற்ற வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்து மாசக்கணக்காகிவிட்டது. அவள் ஜெனரேட்டர் அறைக்கு ஓடினாள். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் சின்னான் டீசல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சின்னாண்ணா, எங்க அறைக்கு முதல்ல கரண்ட் குடுங்க."

"தையல் லைனுக்குத்தானுங்க முதல்ல. அதுதான் ஆர்டருங்க."

"தெரியுமுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. ஜெனரேட்டர் முக்கி முனகி ஓட ஆரம்பித்ததும் பலகையில் ஓரத்திலிருந்த சுவிட்சை முதலில் தூக்கினான். அவள் திரும்பி வந்தபோது யு.பி.எஸ். கத்துவதை நிறுத்தியிருந்தது. கோப்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை கதவில் சாய்ந்து நின்றாள். முடிந்ததும் சர்வரை அணைத்து ஆன் பண்ணினாள். பேக்கிங் ஹாலில் ஸ்கேனர்கள் பீப் அடிக்கிற சத்தம் கேட்டது.

கோப்பு கைக்கு வந்துவிட்டது, ஆனால் அதைத் திறக்கிற அளவுக்கு அவளுடைய கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை. கம்பெனியில் நல்ல நினைவகம் உள்ள மெஷின் டிசைன் அறையில்தான் இருந்தது. அங்கே டேனியல், பனியனை வெட்டுவதற்கான பேட்டர்ன் வடிவங்களைத் திரையில் அடுக்கிக்கொண்டிருந்தான். துணி வீணாகாமல் வெட்டுவதற்கு அந்த அடுக்கு வேண்டும். கட்டிங் மேசைக்காரர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

"இத முடிச்சுத் தாரேன் அக்கா. அதுவரைக்கும் உக்காருங்க" என்றான் டேனியல். உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவளுக்கு வாசலிலேயே கண். முதலாளி எந்த நிமிஷமும் கூப்பிட்டனுப்பலாம்.

மெஷின் கைக்கு வந்ததும் கோப்பைத் திறந்தாள். முதலில் எல்லாரும் தேடுவதைத்தான் அவளும் தேடினாள். எந்தப் பொருள் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கிறது? பெட்டி, லேபிள், ஆர்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் இருக்க வேண்டிய அளவுதான். எழுத்துகளைக் கோத்து வைக்கிற சரங்கள் நிறைய இருந்தன, அவை எங்கேயும் நிறைய இருக்கும். எதிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. இத்தனை பேரை நிறுத்திவைத்து எடுத்த கோப்பில் ஒன்றுமே இல்லையா?

டேனியல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இதெல்லாம் என்னக்கா?"

"உன்கிட்ட பேட்டர்ன் இருக்குல்லா, அத வெச்சு எத்தன பீஸ் வேணும்னாலும் வெட்டுவாங்க. புரோகிராம்லயும் அப்படித்தான். கிளாஸ்ங்கறது பேட்டர்ன் மாதிரி. அத வெச்சு உண்டாக்குறதெல்லாம் பீஸ். நான் பீஸ எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"பேட்டர்னும் உள்ளதான இருக்கும்?"

"இருக்கும். ஒவ்வொண்ணும் ஒண்ணுதான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கிளாஸ்களின் பட்டியலுக்குப் போனாள். கிளாஸும் நினைவகத்துக்குள் ஒரு பொருளாகத்தான் உட்கார்ந்திருக்கும், அதற்கும் ஒரு முகவரி உண்டு. அதைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை.

பெயர்கள் அகர வரிசையில் இறங்கின. பெட்டிக்கான கிளாஸ் வந்தது. அதற்குக் கீழே அதே பெயர் மறுபடியும் வந்தது. அதற்குக் கீழே மறுபடியும். பெயர் ஒன்று, முகவரி வேறு வேறு. லேபிள் கிளாஸும் அப்படியே. அவர்கள் எழுதிய ஒவ்வொரு கிளாஸும் கூட்டமாக நின்றது.

ஒன்றே ஒன்று இருக்க வேண்டியது இத்தனை எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரன் லேபிளை மாற்றச் சொல்லும் போதெல்லாம் முகிலன் புது புரோகிராமை ஏற்றுவான். சர்வரை நிறுத்தாமலே ஏற்றுவான், ஏனென்றால் பேக்கிங் நிற்கக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. புதுசு வந்ததும் பழசு தானாகப் போய்விடும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அது போகவில்லை. ஏற்றிய அத்தனையும் உள்ளேயே இருந்தது.

எது அவற்றைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது? ஒரு பழைய கிளாஸைத் தேர்ந்தெடுத்து, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சங்கிலியைப் பின்தொடர்ந்தாள். கிளாஸை அதை ஏற்றிய லோடர் பிடித்திருந்தது. லோடரை ஒரு டைமர் பிடித்திருந்தது. ஸ்கேனர் அனுப்பும் கோப்புகள் ஒரு ஃபோல்டரில் வந்து விழும், அவற்றை அவ்வப்போது எடுத்துக் கணக்கில் எழுதிவிட்டு அழிப்பதற்காக முகிலன் எழுதிய டைமர் அது. புது புரோகிராம் வரும்போது பழைய டைமரை நிறுத்துகிற வரி எங்கேயும் எழுதப்படவில்லை. பழைய டைமர்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. எல்லாம் ஒரே ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று எடுத்து அழிப்பதற்குள் இன்னொன்றும் அதே கோப்பை எடுத்துவிட்டால், ஒரு பெட்டி இரண்டு பெட்டியாகிவிடும்.

விஜயராணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். டேனியல் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தான்.

முகிலன் கோயமுத்தூரிலிருந்து வந்ததும் நேரே டிசைன் அறைக்கு வந்தான். தவசி அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கோபமாகத்தான் வந்தான். திரையைப் பார்த்தான், அவள் காட்டிய சங்கிலியைத் தானும் ஒரு தடவை பின்தொடர்ந்து பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

"பெரியப்பாகிட்ட சர்வர்ல கோளாறுன்னு மட்டும் சொல்லிக்கலாமுங்க விஜயா."

"அப்படிச் சொன்னா நம்ப மாட்டாருங்க சார். கோளாறும் இருந்துச்சு, திருட்டும் நடந்துச்சும்பாரு."

"சரி, வேற என்ன பண்றது?"

"அவரு கையாலயே ஒரு பொட்டிய ஸ்கேன் பண்ண வெப்போம்."

சனிக்கிழமை காலையில் ஏ.சி. அறைக்குள் முதலாளியும் முகிலனும் விஜயராணியும் நின்றார்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அதே சாஃப்ட்வேரை ஏற்றி, நிறுத்தாமலே திரும்பத் திரும்பப் புதுப்பித்து வைத்திருந்தாள். மேசைமேல் ஒரு வெற்றுப் பெட்டி. வெளியே வராந்தாவில் மருதாளின் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கச்சிக்காகக் கெஞ்ச வந்தவர்.

முதலாளி ஸ்கேனரை அமுக்கினார். திரையில் ஒரு வரி விழுந்தது.

"ஒண்ணுதானுங்களே."

"இன்னொரு தடவ பண்ணுங்க."

மறுபடியும் ஒரு வரிதான் விழுந்தது. முதலாளி ஸ்கேனரை மேசையில் வைத்துவிட்டார். "எனக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேரமாச்சு அம்மிணி."

ஒவ்வொரு தடவையும் நடக்காது, இரண்டு டைமர் ஒரே நேரத்தில் கையை நீட்டினால்தான் நடக்கும் என்பதை இவரிடம் எப்படிச் சொல்வது? "இன்னும் கொஞ்சம் பண்ணுங்க, முதலாளி. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள் விஜயராணி.

அவர் வேண்டா வெறுப்பாக ஸ்கேனரை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கினார். ஒற்றை வரிகளாக இறங்கின. பிறகு ஒரு தடவை அமுக்கியதற்கு இரண்டு வரி விழுந்தது.

முதலாளி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கினார். மறுபடியும் இரண்டு.

"ஒரு பொட்டிதான இருக்குது" என்றார், மேசையைப் பார்த்து.

"ஒண்ணுதாங்க."

"அப்ப நாம தேடுனது இல்லாத பொட்டியா?"

விஜயராணி தலையை ஆட்டினாள். "கணக்கு சரின்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுங்க. பாக்காமச் சொல்லிட்டேன்."

"யாரு எழுதுனது இத?"

முகிலன் சுவரோரம் நின்றவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "நான் எழுதுனதுங்க பெரியப்பா. நிறுத்தாம ஏத்தச் சொன்னீங்க, ஏத்துனேன். பழசு உள்ளயே உசுரோட இருக்கும்னு எனக்குத் தெரியலீங்க."

ரத்தினசாமி அவனைத் திட்டவில்லை. வெகுநேரம் அந்த வெற்றுப் பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு வெளியே போய் மருதாளின் அண்ணனிடம், "உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க, கார் அனுப்பறேன்" என்றார்.

கார் காலியாகத் திரும்பி வந்தது. பேக்கிங் ஹாலில் அத்தனை பேர் முன்னால் சொன்னதை அங்கேயே வந்து திருப்பிச் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மருதாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி சொன்னார். வார்த்தைகள் அவருக்கு வசப்படவில்லை. தப்பு கம்பெனி மேல, மருதாள் மேல ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மருதாள் கைகட்டாமல் நின்று கேட்டாள். "சரிங்க" என்றாள். ஓடிக்கொண்டிருந்த ஆர்டர் முடியும்வரை வேலை செய்தாள். அது முடிந்ததும் அனுப்பர்பாளையத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். கூடுதல் சம்பளம் தருவதாக முதலாளி சொன்னதையும் கேட்கவில்லை.

முகிலன் டைமரை நிறுத்துகிற வரியை எழுதினான். அதன்பிறகு புது புரோகிராம் ஏற்றும்போது பேக்கிங் கொஞ்ச நேரம் நின்றது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி வந்தது. தவசி விஜயராணியைப் பார்த்தால் பழையபடி பேசினார், அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை.

மருதாள்தான் பேசவில்லை. குழாயடியில் விஜயராணியைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். தன்னைக் காப்பாற்றியது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சரிதாங்க என்று சொன்னது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். விஜயராணி ஒரு தடவை வழிமறித்து மன்னிப்புக் கேட்டாள். "ஆகட்டும் போ" என்றாள் மருதாள், முகத்தைப் பார்க்காமல்.

மழைக்காலம் போய்க் கிறிஸ்துமஸும் போனது. பரீட்சைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த விஜயராணியை மருதாள் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"விஜயா, இங்க வா. என்ற பொண்ணு பிளஸ் டூ முடிக்கப் போறா. கம்ப்யூட்டர்தான் படிப்பேங்கறா. எனக்குப் புடிக்கல. நீயே சொல்லு கண்ணு, படிக்க வெக்கலாமா?"

விஜயராணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மருதாள் பாயை விரித்தாள். அந்தப் பெண் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தது.